சிவப்புப் பொத்தான்

சைக்கிளுக்கு விளக்கு செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, மேடம். கொஞ்சம் பொறுமையும் வீட்டில் ஒரு சால்டரிங் கம்பியும் இருந்தால் போதும். கடையில் விற்கும் விளக்கு, எதிரே வருகிறவனைப் பார்த்து, 'ஐயா, இங்கே ஒரு சைக்கிள் வருகிறது, பார்த்துப் போங்கள்' என்று கெஞ்சும். நான் செய்தது கெஞ்சாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அது இப்போது ஒரு பாலிதீன் கவருக்குள் உங்கள் மேசைமேல் இருக்கிறது. அதில் இரண்டு பொத்தான்கள், ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. சிவப்பைத் தொட வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் கான்ஸ்டபிள் அய்யாசாமி நேற்று அழுத்திப் பார்த்துவிட்டு, வெகுநேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதுவும் டியூப்லைட் எரியும் அறையில். ஏரிக்கரை இருட்டில் அது எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் அதை யோசித்துத்தான் செய்தேன்.

நான் சொல்லச் சொல்ல உங்கள் எழுத்தர் எழுதுவதாக ஏற்பாடு. எழுதினார். படித்துக் காட்டும்போது நடுவில் 'அஜாக்கிரதையாக' என்று ஒரு வார்த்தை இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லையே என்றேன். "அதெல்லாம் வழக்கமா போடுறதுதான் சார், உங்களுக்கும் நல்லது" என்றார். எனக்கு எது நல்லது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் உங்களிடம் தாள் கேட்டு வாங்கி, என் கைப்பட எழுதுகிறேன். சப்-இன்ஸ்பெக்டர் ராஜகுமாரி அவர்களே, என் வாழ்க்கையில் நான் அஜாக்கிரதையாகச் செய்த காரியம் என்று ஒன்றே ஒன்றை நீங்கள் காட்டிவிட்டால், அந்த எழுத்தர் எழுதிய தாளிலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

என் பெயர் கிருபாகரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், செய்த பாகத்தைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். என் வேலையை உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். என்னிடம் கேஜ் என்று ஓர் இரும்புத் துண்டு உண்டு. அதன் ஒரு முனை, பாகத்தில் உள்ள துளைக்குள் போக வேண்டும். மறுமுனை போகக் கூடாது. போக வேண்டியது போய், போகக் கூடாதது போகாமல் நின்றால் பாஸ். இல்லாவிட்டால் சிவப்புப் பெட்டி. இதில் பரவாயில்லை, போனால் போகட்டும், தெரிந்தவர் செய்தது என்பதெல்லாம் கிடையாது. யாருடைய மெஷினிலிருந்து வந்த பாகம் என்று நான் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பார்த்தால் கை தடுமாறும். இத்தனை வருடத்தில் நான் பாஸ் போட்ட ஒரு பாகம்கூடத் திரும்பி வந்ததில்லை. கம்பெனியில் கேட்டுப் பாருங்கள், பிடிக்காதவர்கள்கூட இதைச் சொல்வார்கள்.

டாக்டர் சர்க்கரை என்று சொன்ன அன்று சைக்கிள் வாங்கினேன். சேக்காட்டில் எங்கள் ஃப்ளாட்டிலிருந்து எஸ்டேட் வரை போக வர சைக்கிள்தான். காலையில் பிரச்சினை இல்லை. மாலையில் ஆவடியைத் தாண்டி, ஏரியை ஒட்டிப் போகும் உள்ரோட்டில் திரும்புவேன். அந்த ரோட்டில் தெருவிளக்கு பேருக்குத்தான். எதிரே வருகிறவர்கள் அத்தனை பேரும் பிரைட்டில் வருவார்கள். முன்பெல்லாம் வண்டி வாங்கியவுடன் முகப்பு விளக்கின் மேல்பாதியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். எதிரில் வருகிறவனும் மனிதன்தான் என்ற நினைப்பு அதில் இருந்தது. இப்போது யார் ஒட்டுகிறார்கள்? கடையில் போய், இருக்கிற விளக்கைக் கழற்றிவிட்டு இன்னும் வெள்ளையாக ஒன்றை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். எதிரே காரோ லாரியோ வந்தால் மரியாதையாக டிம் பண்ணுவார்கள். சைக்கிள் வந்தால் பண்ண மாட்டார்கள். சைக்கிள்காரனுக்குக் கண் எதற்கு என்று நினைப்பு.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் அப்படித்தான் ஒரு கார் வந்தது. நான் ஒரு கையால் கண்ணை மறைத்து, இன்னொரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினேன். அந்த ரோட்டின் இரண்டு பக்கமும் மழைநீருக்காகக் கால்வாய் வெட்டி, மூடி போடாமல் விட்டு வைத்திருந்தார்கள். வெட்டியது யார், விட்டது யார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. சைக்கிளோடு உள்ளே போய் விழுந்தேன். இடுப்பளவு சாக்கடை. ஒரு கால் சைக்கிளுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கண்ணாடி எங்கேயோ போய்விட்டது. மேலே வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. நான் கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் கூப்பிட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. ஓட்டி வந்தவள் வண்டியைத் திருப்பி, அதன் வெளிச்சம் நேராக என்மேல் விழும்படி நிறுத்தினாள். "ஐயோ சார், நம்ம ஏ பிளாக் சாரா!" என்றாள்.

அவள்தான் ஸ்வாதி. எங்கள் ஃப்ளாட்டில் மூன்றாவது மாடி. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. கணவன் கோகுல்நாத்துக்கு சென்ட்ரல் பக்கம் ஆபீஸ், ரயிலில் வருவான். தினமும் மாலையில் அவனை ஆவடி ஸ்டேஷனிலிருந்து கூட்டிவர இந்த ரோட்டில்தான் போவாள். அதுவரை லிஃப்டில் பார்த்தால் சிரிப்பதோடு சரி. அன்று அந்தப் பெண் யோசிக்காமல் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சாக்கடையில் இறங்கினாள். சைக்கிளைத் தூக்கிக் காலை விடுவித்தாள். சேற்றில் கைவிட்டுத் துழாவி என் கண்ணாடியை எடுத்தாள். துப்பட்டாவால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "அழாதீங்க சார். ஒண்ணும் ஆகல சார். நான் இருக்கேன்ல" என்றாள்.

நான் அழவில்லை. கண்ணில் சேறு போயிருந்தது.

இதைச் சொன்னபோது, "அப்புறம் எப்படி சார் அந்தப் பொண்ணைப் போய்…" என்று நீங்கள் பாதியில் நிறுத்தினீர்கள். பொறுங்கள், வரிசையாகத்தான் வருவேன்.

வீட்டுக்கு வந்து குளித்த பிறகு, இனிமேல் இப்படி நடக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். போய் விளக்கு வாங்கிவிடலாம். ஆனால் கடை விளக்கு நமக்கு வழி காட்டுமே தவிர, எதிரில் வருகிறவனுக்கு ஒன்றும் உறைக்காது. அதனால் நானே செய்தேன். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து அதில் உயிரோடிருந்த செல்களைப் பொறுக்கினேன். கம்ப்யூட்டருக்குள் சூடு தணிக்க வைத்திருக்கும் அலுமினியத் துண்டு ஒன்றை அறுத்து, எல்.இ.டி.யை அதன்மேல் உட்கார வைத்தேன். ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் அலைந்து, வெளிச்சத்தைச் சிதறவிடாமல் ஒரே கோடாக அனுப்பும் லென்ஸ் வாங்கினேன். செல்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரு பிவிசி பைப் துண்டுக்குள் அடக்கி, மழைத்தண்ணீர் போகாமல் எம்சீல் வைத்து அடைத்தேன். பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஹேண்டிலில் சுற்றி, அதன்மேல் கிளாம்ப். பார்க்க ஒன்றும் அழகில்லை. ஆனால் குழியிலும் மேட்டிலும் எவ்வளவு குலுங்கினாலும் அசையாது.

செல்களைச் சேர்த்து வெல்டிங் வைக்க மட்டும் என்னிடம் மெஷின் இல்லை. பட்டாபிராமில் செல்போன் பழுது பார்க்கும் முகமது இஸ்மாயிலிடம் போனேன். அவர் வேலையை முடித்து, வயரை மாட்டி, சிவப்புப் பொத்தானை அழுத்தினார். நல்லவேளை, விளக்கு தெருப்பக்கம் பார்த்திருந்தது. எதிர்க்கடை ஷட்டர் வெள்ளையடித்த மாதிரி ஆகிவிட்டது.

"இன்னா அண்ணாத்தே, இது சைக்கிளுக்கா இல்ல கலங்கரை விளக்கத்துக்கா?" என்றார்.

"சைக்கிளுக்குத்தான் பாய்."

"வோணாம் அண்ணாத்தே. எதுர்ல வர்றவனுக்கு ஒண்ணியுமே தெரியாது. கண்ணு பூட்ச்சு. இத்தோட ஒரு டிம் வெச்சுக் குடுக்கறேன், ரெண்டு நிமிசம்."

"டிம் வேண்டாம்."

"ஏன் வோணாம்?"

"தப்பு செய்றவங்களுக்குத்தானே அது எரியும். அவங்களுக்கு எதுக்கு டிம்?"

அவர் விளக்கைத் துணியால் துடைத்துக் கையில் கொடுத்தார். இஸ்மாயிலை நீங்கள் அலைக்கழிக்க வேண்டாம். அவர் செய்தது வெல்டிங் மட்டும். மீதியெல்லாம் என் கைவேலை, அதை யாரோடும் பங்கு போட்டுக்கொள்ள நான் தயாராக இல்லை.

என் மனைவி கமலமும் கேட்டாள். "ஏங்க, ஒரு விளக்குக்கு எதுக்கு ரெண்டு சுவிட்சு?"

"கறுப்பு எனக்கு. சிவப்பு மத்தவங்களுக்கு" என்றேன்.

"மத்தவங்களுக்கும் சேத்து யோசிக்கிறீங்க பாருங்க, அதுவே பெரிய விஷயம்" என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

அந்த விளக்கை நான் கண்டபடி அடித்தேன் என்று நினைக்காதீர்கள். அதற்கு முறை வைத்திருந்தேன். எதிரே பிரைட்டில் ஒரு வண்டி வந்தால், முதலில் என் கறுப்பு விளக்கின்மேல் உள்ளங்கையை வைத்து இரண்டு முறை மறைத்து மறைத்து எடுப்பேன். டிம் பண்ணு என்று அதற்கு அர்த்தம். வண்டி ஓட்டும் எல்லோருக்கும் அது தெரியும். பண்ணினால் பாஸ், அவர் வழியில் அவர், என் வழியில் நான். பண்ணாவிட்டால் சிவப்பு. ரோட்டில் எத்தனை போலீஸ் நிற்கிறது, எத்தனை கேமரா தொங்குகிறது, இவ்வளவு நியாயமாக யாராவது ஒரு வாய்ப்புக் கொடுத்துவிட்டுத் தண்டிக்கிறார்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள், கேட்கத்தான் கேட்கிறேன்.

முதலில் ஒரு கார். அப்படியே தடுமாறி நின்று, விளக்கை அணைத்தே விட்டான். நான் மணி அடித்துக்கொண்டு அவனைக் கடந்து போனேன். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். கமலத்துக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போனேன். அப்புறம் ஒரு வேன். அப்புறம் ஒரு காலேஜ் பையன், பைக்கோடு ஜல்லிக் குவியலில் ஏறி விழுந்து, "யோவ் பெருசு, கண்ணு அவிஞ்சு பூட்ச்சுய்யா!" என்று கத்தினான். முழங்கை கொஞ்சம் உரிந்திருக்கும். அதே பையன் அடுத்த வாரம் என்னைத் தூரத்தில் பார்த்ததும் தானாக டிம் பண்ணினான். யார் சொல்லிக் கேட்டான்? அவன் வீட்டில் சொல்லியிருப்பார்கள், காலேஜில் சொல்லியிருப்பார்கள், கேட்டானா? ஏரிக்கரை ரோடு திருந்திக்கொண்டிருந்தது, மேடம். நான் ஒரே ஒரு ஆள், ஒரு சைக்கிளில் போய் அதைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

இனி ஸ்வாதி.

நான் கால்வாயில் விழுந்த மறுநாளிலிருந்து அவள் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டாள். நான் வீடு திரும்பும் நேரமும் அவள் ஸ்டேஷனுக்குக் கிளம்பும் நேரமும் ஒன்றுதான். தூரத்தில் என் சைக்கிளைப் பார்த்ததும், டிம்மில் வந்துகொண்டிருப்பவள், பிரைட்டைப் போட்டுப் போட்டு இரண்டு முறை அடிப்பாள். நம் ஊரில் தெரிந்தவர்கள் எதிரே வந்தால் அடிப்போமே, 'என்ன, நல்லாயிருக்கீங்களா' என்பது போல, அது. பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்து, "பாத்துப் போங்க சார்!" என்பாள். ஒரு நாள் தவறியதில்லை.

அதோடு விட்டாளா? பல இடத்துக்குப் போனில் பேசி, நேரில் அலைந்து, யாரையோ பிடித்து, நான் வரும் பக்கத்துக் கால்வாய்க்கு சிமென்ட் மூடி போட வைத்துவிட்டாள். "சார் வர்ற பக்கம் ரெடி. மழைக்கு முன்னாடி எதிர்ப்பக்கமும் போட வெச்சுடலாம் சார்" என்று லிஃப்டில் சொன்னாள். பக்கத்தில் நான்கு பேர் நின்றார்கள். நான் நன்றி சொன்னேன்.

அவள் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. இதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். சார் சைக்கிளில் சறுக்கி விழுந்துவிட்டார் என்பதோடு சரி. கணவனிடம்கூட அவ்வளவுதான் சொல்லியிருக்கிறாள். துப்பட்டாவைப் பற்றியோ, முகம் துடைத்ததைப் பற்றியோ, மற்றதைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. ஆனால் தினமும் மாலையில், அந்த ரோட்டில், இரண்டு முறை லைட் அடிப்பாள். பார்க்கிறவர்களுக்கு அது வணக்கம். எனக்கு அது வேறு. அவள் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் நான் திரும்பவும் அந்தச் சேற்றில் உட்கார்ந்திருந்தேன், அவள் ஸ்கூட்டர் வெளிச்சம் என்மேல் விழுந்துகொண்டிருந்தது.

இப்போது அந்த மாலைக்கு வருகிறேன். விடாமல் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. மூடி போடாத பக்கத்தில் கால்வாய் நிரம்பி, ரோடு எது தண்ணீர் எது என்று தெரியாமல் இருந்தது. தண்ணீர் கேன் கடையை நெருங்கும்போது எதிரே ஒரு வெளிச்சம் பிரைட்டில் அடித்தது. நான் முறைப்படி உள்ளங்கையால் இரண்டு முறை மறைத்தேன். திரும்பவும் பிரைட் அடித்தது. சிவப்பை அழுத்தினேன்.

எழுத்தரிடம் நேற்று இப்படித்தான் சொன்னேன். அதன் பிறகு நீங்கள் தண்ணீர் கேன் கடை கேமராவில் பதிந்ததைப் போட்டுக் காட்டினீர்கள். முதலில் ஒரு சைக்கிள் வருகிறது. ஓட்டுகிறவனின் இரண்டு கையும் ஹேண்டிலில்தான் இருக்கின்றன. பிறகு திரை முழுவதும் வெள்ளையாகிவிடுகிறது. வெள்ளை போன பிறகு அதே சைக்கிள், அதே வேகத்தில், படத்தைவிட்டு வெளியே போகிறது. "கையால மறைச்சேன்னீங்களே, எங்க சார்?" என்று கேட்டீர்கள்.

சரி. மறைக்கவில்லை.

ஸ்கூட்டரைத் தூக்கிப் பார்த்ததில் சுவிட்ச் டிம்மில்தான் இருந்தது என்றும் சொன்னீர்கள். இருந்திருக்கும். அவள் டிம்மில்தான் வருவாள். என் முறைப்படி பார்த்தால் அவள் பாஸ். அதையும் எழுதிவிடுகிறேன், எனக்கு ஒன்றும் பயமில்லை.

ஸ்கூட்டர் இடதுபக்கம் சாய்ந்தது தெரிந்தது. அவள் "சார்" என்றாளா, "சா" என்பதோடு நின்றுவிட்டதா, உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் எழுதவில்லை. தண்ணீரில் பெரியதாக ஏதோ விழும் சத்தம் கேட்டது. பிறகு ஹாரன். அது கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தது. அவள் அழுத்தினாளா, தண்ணீர் போய் தானாக அடித்ததா, எனக்குத் தெரியாது. நான் வளைவு திரும்பும் வரை கேட்டது.

நான் நிற்கவில்லை. மேலே போய்க்கொண்டிருந்த அத்தனை வண்டிகளும் அன்று எனக்கு நின்றனவா?

வீட்டுக்கு வந்தேன். மழைக்கோட்டை பால்கனியில் உதறிப் போட்டேன். சைக்கிளிலிருந்து கழற்றி வந்த விளக்கை மேசைமேல் வைத்து, அதன் பேட்டரியை சார்ஜில் போட்டேன். கமலம் சர்க்கரை போடாத டீ கொடுத்தாள், அதனுடன் கொஞ்சம் சுண்டல். செய்தி ஓடிக்கொண்டிருந்தது, பார்த்தேன். சுண்டலில் உப்பு ஒரு கல் குறைவு என்று சொன்னதுகூட நினைவிருக்கிறது.

செய்தி முடிவதற்குள் கோகுல்நாத் கதவைத் தட்டினான். தலை நனைந்திருந்தது, ஆபீஸ் பை தோளில் அப்படியே இருந்தது.

"சார், ஸ்வாதி ஸ்டேஷனுக்கு வரல சார். ஃபோன் போகுது, எடுக்கல, இப்ப அதுவும் போகல. நான் மெயின் ரோடு வழியா ஷேர் ஆட்டோல வந்துட்டேன். வழில எங்கயாவது வண்டி நின்னு போயிருக்கும். உங்ககிட்ட பெரிய லைட் ஒண்ணு இருக்காமே சார், நீங்களே செஞ்சதாமே? அவ தினம் சொல்லுவா, சார் கையில என்ன திறமை பாருன்னு. கொஞ்சம் தர்றீங்களா சார்?"

"சார்ஜ் ஏறிட்டிருக்கு" என்றேன்.

"ஏறினது போதும் சார்."

கமலம் என்னை முந்திக்கொண்டு போய் பேட்டரியை எடுத்துவந்துவிட்டாள். நான் அதை மாட்டி, கறுப்புப் பொத்தானைக் காட்டிக் கொடுத்தேன். "சிவப்பைத் தொடாதீங்க தம்பி, கண்ணு கூசும்" என்றேன். அந்த அவசரத்திலும் அதை மறக்காமல் சொன்னேன், பாருங்கள். எழுத்தர் என்னவென்றால் அஜாக்கிரதை என்கிறார்.

"நீங்களும் வாங்க சார்" என்றான். முழங்கால் வலிக்கிறது என்றேன். வலித்தது உண்மைதான், கால்வாயில் விழுந்ததிலிருந்து மழை நாளில் வலிக்கும். எங்கே தேட வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவன் மெயின் ரோடு வழியாகத் திரும்ப ஸ்டேஷனுக்கே போய், அங்கிருந்து ஏரிக்கரை ரோட்டில் தேடிக்கொண்டு வந்திருக்கிறான். பால்கனியிலிருந்து பார்த்தால் ஏரிக்கரையின் ஒரு துண்டு எங்களுக்குத் தெரியும். என் விளக்கு அங்கே மெதுவாக நகர்ந்து வந்தது. நல்ல விளக்கு, அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கும்போதும் கோடு உடையவே இல்லை. பிறகு அது ஓரிடத்தில் நின்றது. அதற்கப்புறம் நகரவில்லை. கமலம், "என்னங்க, அங்கயே நின்னுட்டாரு" என்றாள். நான் உள்ளே வந்துவிட்டேன்.

விழுந்தவுடன் உயிர் போகவில்லை என்று உங்கள் டாக்டர் சொல்கிறாராம். ஸ்கூட்டர் மேலே கிடந்ததால் எழுந்திருக்க முடியவில்லை, யாராவது நின்று தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாளாம். யாராவது என்றால் யார், மேடம்? அந்த ரோட்டில் யாருக்கு யார் நிற்கிறார்கள்? ஒரே ஒருத்தி நிற்பாள். அவள் அன்றைக்குத் தண்ணீருக்குள் இருந்தாள்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு கோகுல்நாத் விளக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தான். கழுவித் துடைத்து, ஒரு புதுத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தான். "இந்த லைட் இல்லாட்டி அன்னிக்கு ராத்திரி அவளக் கண்டுபிடிச்சிருக்கவே முடியாது சார். ரொம்ப நன்றி சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். கமலம் அழுதாள். நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். மறுநாள் விளக்கைத் திரும்ப ஹேண்டிலில் மாட்டினேன். அப்படியே நடமாடிக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் கேமராவைப் பார்த்துவிட்டு வந்தீர்கள்.

வருத்தமாக இருக்கிறதா என்று நேற்றிலிருந்து மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கோகுல்நாத்துக்காக வருத்தம்தான், நல்ல பையன். மற்றபடி கண்ணில் வெளிச்சத்தை அடித்துவிட்டு, நிற்காமல் போனதுதான் குற்றம் என்றால், என்னை விழவைத்த அந்தக் கார்காரனை முதலில் கொண்டுவந்து இந்த பெஞ்சில் உட்கார வையுங்கள். நான் நகர்ந்து இடம் கொடுக்கிறேன். அவனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? அவன் என்னைப் பார்க்கவே இல்லை, தெரியாமல் செய்தான் என்பீர்கள். அப்படியானால் அவனுக்குத்தான் அந்த வார்த்தை. அஜாக்கிரதை. அதை அவனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேண்டாம். நான் பார்த்தேன். டிம்மில் வந்த ஸ்கூட்டர் இரண்டு முறை பிரைட் அடித்தால் அது ஸ்வாதி. அந்த ரோட்டில் வேறு யாரும் எனக்கு வணக்கம் சொல்வதில்லை. தூரத்திலேயே தெரிந்தது. பெருவிரல் சிவப்புக்குப் போனதும் தெரிந்தது. எந்தப் பக்கம் மூடி இல்லை என்பதும் தெரியும், அவளே சொன்னதுதான். பக்கத்தில் வரட்டும் என்று காத்திருந்து அழுத்தினேன். 'தெரிந்தே' என்று போடச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். நேற்று எழுத்தரிடம் நான் கால்வாயில் விழுந்ததைச் சொன்னபோது, 'அழுதுகொண்டிருந்தவரை அந்தப் பெண் தூக்கிவிட்டாள்' என்று எழுதிவிட்டார். அதை அடித்துவிடுங்கள். அது சேறு. நான் அழவில்லை. அழுதேன் என்று சாட்சி சொல்ல இனி ஒருவரும் இல்லை.